மிச்சத் தோட்டா

முதலில் நினைவுக்கு வருவது ஒரு பித்தளைக் கூடுதான். சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். ரைபிளின் வலப்பக்கம், சுட்டு முடிந்த காலித் தோட்டா வெளியே தெறிப்பதற்காக ஒரு வாய் வைத்திருப்பார்கள். தெறித்துப் போக வேண்டிய கூடு போகாமல், மூடவந்த இரும்புத் தாழுக்கும் வாயின் விளிம்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நட்டுக்குத்தலாக நிற்கும். சுட்டுக்கொண்டிருந்தவர் ரைபிளை மேசைமேல் கிடத்திவிட்டுக் கையைத் தூக்குவார். கை உயர்ந்தால் அது எனக்கு அழைப்பு. நான் போய், தோட்டா அடுக்கிய மேகசினைக் கழற்றி, தாழைப் பின்னுக்கு இழுத்து, அந்தக் கூட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்புவேன். என் இடத்துக்கு வந்து உட்காருவதற்குள் அடுத்த கை உயர்ந்திருக்கும். மாலையில் அறைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் பை நிறையக் கூடுகள். ரைபிள்மேல் கோபம், அதைச் செய்தவன்மேல் கோபம், பாதி நாள் என்மேலேயே கோபம். நான் கோபப்பட வேண்டிய ஆள் கூப்பிடு தூரத்தில், ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் தொப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் இருமலுக்குக் கருஞ்சீரகமும் தேனும் குழைத்துத் தந்தவரும் அவர்தான்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. நான் குமரிக் கடற்கரைக்காரன். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்துவிட்டு ராஸ் அல் கைமாவில் ஒரு சின்ன டைல்ஸ் ஆலைக்கு மெஷின் பார்க்கப் போனேன். என்னை விட்ட இடம் மண்ணைப் பொடியாக்கும் பிரிவு. டியூட்டி முடிந்து வெளியே வந்தால் புருவம்வரை வெள்ளையாக இருக்கும். ஒரு வருடத்துக்குள் இருமல் பிடித்துக்கொண்டது. கேம்ப் அறையில் என்னால் மற்றவர்களுக்கும் தூக்கம் போயிற்று. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தூசியை விட்டு விலகிவிடு, இல்லாவிட்டால் நெஞ்சு தேறாது என்றார்கள். விலகுவது நம் கையிலா இருக்கிறது? விசா கஃபீல் கையில். எங்களைக் கொண்டுவந்த முதலாளியை அங்கே அப்படித்தான் சொல்வோம். நல்லவேளை, அந்தக் கஃபீலுக்கே ஊருக்கு வெளியே ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பும் இருந்தது. அங்கே ரைபிள்கள் அடிக்கடி நின்றுபோகின்றன, மெஷின் தெரிந்த ஒருவன் வேண்டும் என்று கேட்டார்கள். எங்கள் ஃபோர்மேன் என் இருமலை நினைத்து என்னை அனுப்பிவைத்தார். நிரந்தரமாக அல்ல, இரவல் ஆளாக.

கிளப் மலையடிவாரத்தில் இருந்தது. சுற்றிலும் முள்மரங்கள், காற்று சுத்தம். போன மறுவாரமே எனக்கு மூச்சு நன்றாக இறங்கியது. மேனேஜரை எல்லாரும் முதீர் என்றே கூப்பிடுவோம். அரபியில் அதற்கு மேனேஜர் என்றுதான் பொருள். உள்ளூர்க்காரர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பொறுமை மட்டும் கிடையாது. குளிர்காலத்தில் கம்பெனிகளுக்கு இடையே போட்டி நடக்கும் என்றும், அதில் சுடப் போவது கிளப்பின் ரைபிள்களை வைத்துத்தான் என்றும் முதல் நாளே சொன்னார். பிறகு என் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "ரைபிள் ஓகே, நீ இங்கே. ரைபிள் முஷ்கில், நீ ஃபேக்டரி. கலாஸ்" என்றார். முஷ்கில் என்றால் தகராறு, கலாஸ் என்றால் அவ்வளவுதான். அந்த விரலுக்கு அந்தப் பக்கம் எனக்கு என் நெஞ்சு எக்ஸ்ரே தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.யில் பாயிண்ட் டூ டூ என்கிற சின்னத் தோட்டா ரைபிள் சுட்டிருக்கிறேன். அது ஒவ்வொரு முறையும் கையால் தாழை இழுத்துச் சுடுவது, தகராறே கிடையாது. கிளப்பில் இருந்தவையும் அதே அளவுத் தோட்டாவைத் தின்பவைதான், ஆனால் தானாகவே அடுத்த தோட்டாவை நிரப்பிக்கொள்ளும் ரகம். தோட்டா வெடிக்கிற உதையே தாழைப் பின்னுக்குத் தள்ளும். தாழ் காலிக்கூட்டை இழுத்து வெளியே எறியும். பிறகு ஸ்பிரிங்கின் விசையில் முன்னுக்கு வரும்போது அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வரும். உதை போதவில்லையென்றால் தாழ் பாதி வழியிலேயே திரும்பிவிடும், கூடு மாட்டிக்கொள்ளும். உதையும் ஸ்பிரிங்கும் ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான் சங்கதி. இது எனக்கு முதல் வாரமே புரிந்துவிட்டது. புரிந்ததுதான் வினையாகப் போயிற்று.

பிரஷ் போட்டு உள்ளே படிந்திருந்த கரியையும் மெழுகையும் தேய்த்தெடுத்தேன். இரண்டு நாள் ஓடியது, பிறகு பழைய கதை. ஊரில் வள்ளத்து எஞ்சினுக்குச் செய்வதுபோல எண்ணெய் போட்டுக் குளிப்பாட்டினேன். காற்றடித்த ஒரே நாளில் மணலும் எண்ணெயும் சேர்ந்து அரைத்த மாவாகிவிட்டது. எண்ணெயை முழுக்கத் துடைத்தேன். கூட்டை இழுக்கும் சின்னக் கொக்கியைத் தீட்டினேன். மேகசின் உதடுகளை நிமிர்த்தினேன். தோட்டா ஏறும் சரிவை முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக்கினேன். உதை போதவில்லைபோல என்று நினைத்து ஸ்பிரிங்கை மாற்றி மெலிதானதைப் போட்டேன். இதற்கிடையில் முதீர் வேறு ஆர்வமாகிவிட்டார். கேட்லாக்கைப் பார்த்துப் பார்த்து வெளிநாட்டிலிருந்து உதிரிகளை வரவழைத்தார். லேசாக அழுத்தினால் போதும் என்கிற டிரிகர், தாழ் பின்னால் வந்து மோதும் இரும்பு முளைக்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் முளை, பெரிய மேகசின். ஒவ்வொரு பார்சல் வரும்போதும் அவர் முகத்தில் பெருநாள் களை. நான் ஒவ்வொன்றையும் மாட்டினேன். ரைபிள் நின்றுகொண்டேதான் இருந்தது.

என்னை வெறுக்கவைத்தது நின்றதுகூட அல்ல, நின்ற விதம். மெஷினுக்கு ஒரு நியாயம் உண்டு. கெட்டுப்போன மெஷின் ஒரே மாதிரிதான் கெட்டுப்போயிருக்கும். இன்றைக்குச் செய்வதைத்தான் நாளைக்கும் செய்யும். இது அப்படியில்லை. காலையில் ஒரு மேகசின் தேன்போல ஓடும். முதீரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று கூட்டிவந்தால், அதே ரைபிள், அதே மேகசின், அவர் கண்ணெதிரே மாட்டிக்கொண்டு நிற்கும். அவர் என்னைப் பார்ப்பார், நான் மலையைப் பார்ப்பேன். வம்புக்கென்றே என்னைத் தேர்ந்தெடுத்த ஆளோடு குடித்தனம் நடத்துவதுபோல இருந்தது. சொந்த ரைபிளும் சொந்தத் தோட்டாவும் கொண்டுவந்து சுடும் உறுப்பினர்கள் பக்கத்து மேசையில் டப் டப்பென்று சுட்டுத் தள்ளிவிட்டுப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தோட்டாக்களுக்குப் பொறுப்பு காக்கா. கீழக்கரைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் ஊரில் காக்கா என்றால் கருவாடு காயவைத்த இடத்தில் விரட்டவேண்டிய பறவை, அவர்கள் ஊரில் அண்ணன். முதலில் கூப்பிடவே எனக்குக் கூச்சமாக இருந்தது, பிறகு வேறு எந்தப் பெயரும் அவருக்குப் பொருந்தாது என்று ஆகிவிட்டது. அதே கஃபீலின் மளிகைக் கடையை வெகுகாலம் நடத்தியவர். பெரிய சூப்பர்மார்க்கெட் வந்து கடை படுத்தபோது, இத்தனை வருட ஆளை ஊருக்கு அனுப்ப மனமில்லாமல் கஃபீல் அவரைக் கொண்டுவந்து இங்கே உட்காரவைத்தார். தோட்டா ஸ்டோரும் மளிகைக் கடை மாதிரியே ஆகிவிட்டது. அலமாரியில் பெட்டிகளெல்லாம் முகம் காட்டி நிற்கும், பழசு முன்னால், புதுசு பின்னால். தோட்டாவை அவர் சரக்கு என்பார், சுட வருகிறவர்களைப் பார்ட்டி என்பார். கணக்கில் ஒன்றுகூடக் குறையாது. "என் கடையில கலப்படம்னு ஒரு ஆளு சொன்னதில்ல தம்பி" என்பதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அதைச் சொல்லும்போது முதுகு தானாக நிமிரும்.

தோட்டாவின்மேல் எனக்குச் சந்தேகம் வராமல் இல்லை. கிளப்பில் இரண்டு ரகம் உண்டு. தானாக நிரப்பிக்கொள்ளும் ரைபிளுக்கு உதை பலமாக உள்ள வேகத் தோட்டா. கையால் இழுத்துக் குறிபார்த்துச் சுடும் ரைபிளுக்கு மெதுவான தோட்டா. இரண்டுக்கும் அளவு ஒன்று, ஈயத்தலை ஒன்று, எதிரெதிரே வைத்தால் இரட்டைப் பிள்ளைகள். காக்காவிடம் போய், "எனக்குத் தாறது வேகமா போற ரகந்தானா காக்கா?" என்று கேட்டேன். அவர் பெட்டியைத் திருப்பிக் காட்டி, "எழுதியிருக்கே தம்பி, படிச்சவன்தானே நீ" என்றார். எழுதியிருந்தது. பெட்டியில் எழுதியிருப்பதை நம்பாமல் வேறு எதை நம்புவது? திரும்பி வந்து இன்னொரு ஸ்பிரிங்கை மாற்றினேன்.

போட்டி நெருங்கிய ஒரு நாள் மத்தியானம், துடைக்கப் பழைய துணி கேட்டு ஸ்டோருக்குப் போனேன். வழக்கமாக எல்லாம் ஜன்னல் வழியாகத்தான் நடக்கும். அன்றைக்குக் கதவு திறந்து கிடந்தது. காக்கா தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிஸ்கட் டின், முன்னால் காலியான தோட்டாப் பெட்டிகள். டின்னுக்குள்ளிருந்து ஒரு பிடி தோட்டாவை அள்ளி, ஒவ்வொன்றாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். குழந்தைக்குச் சோறூட்டுகிறவர் முகத்தில் இருக்குமே, அந்தக் கவனம்.

"என்ன காக்கா செய்யீங்க?"

"மிச்சம் தம்பி. பார்ட்டிங்க பாதியச் சுட்டுட்டு மீதிய அப்படியே தட்டுல போட்டுட்டுப் போயிருவாங்க. அதுக்காக வீசிற முடியுமா? பரக்கத்துப் போயிரும், கடையில விருத்தி இருக்காது."

"எல்லா ரகத்தயும் ஒரே டின்னிலயா போடுவீங்க?"

"டூ டூன்னா டூ டூதானே. ஒரே சைசு, ஒரே மூஞ்சி. வேறன்னா உள்ள போகுமா சொல்லு."

நான் ஒரு பெட்டியை வாங்கிப் பாயில் கவிழ்த்தேன். தோட்டாவின் அடிப்பாகத்தில் ரகத்துக்கு ஒரு எழுத்துக் குத்தியிருப்பார்கள். பொடி எழுத்து, யாரும் பார்ப்பதில்லை, நானும் பார்த்ததில்லை. பாயில் கிடந்தவற்றில் பாதிக்கு ஒரு எழுத்து, பாதிக்கு வேறு எழுத்து. வேகமும் மெதுவும் கலந்து, வேகம் என்று எழுதிய பெட்டிக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. வேகமானது வந்தால் ரைபிள் ஓடும், மெதுவானது வந்தால் நிற்கும். இதற்காகத்தான் இத்தனை மாதம் நான் கொக்கியைத் தீட்டினேன், ஸ்பிரிங்கை மெலியவைத்தேன், கண் பூக்கச் சரிவைத் தேய்த்தேன். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத நிலைமைக்கு வந்து, கடைசியில் கத்தினேன். "இது கலப்படம் காக்கா. பச்சைக் கலப்படம்."

அவர் கை டின்னுக்குள் அப்படியே நின்றுவிட்டது. "தப்புன்னு சொல்லு தம்பி, ஏத்துக்கறேன். கிறுக்கன்னு சொல்லு. அந்த வார்த்தைய மட்டும் சொல்லாத" என்றார். எனக்குக் கோபம் தணியவில்லை. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இருவரும் பாயில் உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குவதுபோல அலமாரியில் இருந்த ஒவ்வொரு பெட்டியையும் கவிழ்த்து எழுத்துப் பார்த்துப் பிரித்தோம். அசருக்குத் தொழப் போனவர் திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்தார்.

பிரித்த வேகத் தோட்டாவைப் போட்டு மறுநாள் சுட்டுப் பார்த்தேன். ரைபிள் முன்னைவிட மோசமாக ஓடியது. காரணம் நான். மெதுவான தோட்டாவுக்கும் அசையட்டும் என்று ஸ்பிரிங்கை அவ்வளவு மெலியவைத்திருந்தேன். இப்போது நிஜமான உதை வந்ததும் தாழ் பேய் பிடித்ததுபோலப் பின்னால் போய் மோதி, நேரத்துக்குத் திரும்பாமல், அடுத்த தோட்டாவைக் கோணலாகக் கடித்துக்கொண்டு நின்றது. ஆக, நான் மாட்டியதையெல்லாம் நானே கழற்ற வேண்டியதாயிற்று. பழைய ஸ்பிரிங், பழைய இரும்பு முளை, பழைய கொக்கி, பழைய மேகசின். முதீரின் பார்சல் சாமான்கள் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் போயின. கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஆன பிறகு, அந்தச் சனியன்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. இத்தனை மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, நான் செய்த வேலைகளை எல்லாம் நீக்கியது.

போட்டி நாள் அன்று யாரும் கையைத் தூக்கவில்லை. எங்கள் ஆலையின் ஃபோர்மேன்கூட வந்து சுட்டார். முதீர் மேசைக்கு மேசை நடந்தார், நடையில் ராணுவம் தெரிந்தது. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும் என்னைக் கூப்பிட்டு, எந்தச் சாமானால் சரியாயிற்று, டிரிகரா முளையா என்று ஆசையோடு கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. நேர்மை என்று பெருமைப்பட ஒன்றும் இல்லை, அந்த நேரத்துக்குப் பொய் தோன்றவில்லை, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன், தோட்டா இரண்டு ரகமும் கலந்து போயிருந்தது, அதைப் பிரித்துவிட்டோம், வேறொன்றும் செய்யவில்லை என்றேன். யார் கலந்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "ரைபிள் சீதா ஓகே. பார்ட் மாஃபி, ரிப்பேர் மாஃபி. அப்ப உனக்கு ஷுகுல் மாஃபி" என்றார். சீதா என்றால் நேராக, ஷுகுல் என்றால் வேலை. மாஃபி என்றால் இல்லை. கோபமாகச் சொல்லவில்லை, கணக்குத் தீர்ந்த திருப்தியோடு சொன்னார். பிரியாணி வாங்கிக் கொடுத்து, அந்த வாரக் கடைசியில் என்னை ஆலைக்குத் திருப்பி அனுப்பினார். ரைபிள் நின்றிருந்தாலும் ஆலை, ஓடினாலும் ஆலை.

கிளம்பும்போது காக்கா என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். "எவனாச்சும் போயி நான் ஒன்னுமே செய்யலன்னு சொல்லுவானா? நாலு சாமான் பேரச் சொன்னா ஒன் நாக்கு தேஞ்சிருமா? இல்ல, இந்தக் கிழவன்தான் கலந்தான்னு என்னையாவது காட்டிக் குடுத்திருக்கலாம்ல? என்ன ஊருக்கு அனுப்பிட்டு ஒனக்கு ஸ்டோரக் குடுத்திருப்பாரே." "எனக்கு அதெல்லாம் தோணல்ல காக்கா" என்றேன். தேன்குப்பியை என் பையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆலையில் திரும்பவும் அதே பிரிவு. இருமல், விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. காக்கா வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஃபோன் செய்வார். பேச்சுக்கு நடுவில் எனக்கு இருமல் வந்துவிடும், முடிகிறவரை அந்தப் பக்கம் ஒன்றும் பேசாமல் காத்திருப்பார். ஒரு வெள்ளிக்கிழமை இருமல் நிற்கவே இல்லை. கடைசியில் "வைக்கிறேன் தம்பி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அதன் பிறகு சில வாரங்களில் ஃபோர்மேன் என்னை அழைத்து, கிளப்பில் ரைபிள்கள் மறுபடியும் நிற்கின்றனவாம், முதீர் உன்னைக் கேட்கிறார், சாமானைக் கட்டு என்றார்.

முதீர் வாசலுக்கே வந்துவிட்டார். "நீ போச்சு, ரைபிள் பீமார்" என்றார். தோட்டாவைத்தான் பிரித்தாயிற்றே, நான் இல்லாததால்தான் ரைபிள்களுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று என்பது அவர் முடிவு. இந்த முறை இரவல் கிடையாது, விசாவையே கிளப்புக்கு மாற்றிவிடலாம் என்றும் சொன்னார். நான் நேராகப் போய் மேசைமேல் இருந்த தோட்டாப் பெட்டி ஒன்றைத் திறந்து, அடிப்பாகத்தைப் பார்த்தேன். கலந்திருந்தது. ஆனால் முன்னே கலந்திருந்த மாதிரி அல்ல. டின்னில் கொட்டி அள்ளியது முன்பின்னாகக் கிடக்கும். இதில் ஒவ்வொரு வரிசையிலும், ஒரே இடத்தில், ஒரே சீராக ஒரு மெதுவான தோட்டா வைத்திருந்தது. அடுத்த பெட்டியும் அப்படியே. அதற்கடுத்ததும். கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்துப் பார்த்து, தெரிந்தே வைத்தது.

பெட்டியோடு ஸ்டோர் ஜன்னலுக்குப் போனேன். "இது டின்னு மிச்சம் இல்ல காக்கா" என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல், "இருமல் எப்படி இருக்கு?" என்றார். நான் நகராமல் நிற்கவும், "கடையில இருந்தவரைக்கும் ஒருநாளும் செஞ்சதில்ல. இதுக்கு மேல கேக்காத தம்பி" என்று சொல்லி ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டார்.

என்ன சொல்வது இப்படிப்பட்ட மனிதரை? நன்றி சொல்லவும் விடவில்லை, சண்டை போடவும் விடவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தைக்குத் துடித்துப்போனவர், எனக்காக அதையே கையால் செய்துவிட்டார். நான் அன்றைக்கே எல்லாவற்றையும் பிரித்தேன். முதீர் என்ன செய்தாய் என்று கேட்டபோது, ஸ்பிரிங்கைக் கவனித்தேன் என்றேன். விசா மாறியது. கொஞ்ச நாளில் இருமல் போயிற்று.

இரண்டு மூன்று வருடம் கழித்துக் காக்கா வேலையை முடித்துக்கொண்டார். ஹஜ்ஜுக்குப் போய்விட்டு அப்படியே ஊர். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் அதற்குமுன் பழகியவர்களிடமெல்லாம் போய், ஏதாவது தவறு செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது அவர்கள் வழக்கம். காக்கா சமையல்காரர் முதல் வாட்ச்மேன்வரை எல்லாரிடமும் கேட்டு முடித்தார். முதீரிடம் போக மட்டும் நாள் கடத்திக்கொண்டே இருந்தார். "மத்ததெல்லாம் அல்லா பொறுப்பான் தம்பி. மனுசனுக்குச் செஞ்ச தப்ப அந்த மனுசன்தான் பொறுக்கணும். அவரு சரக்குல கை வச்சவன் நான்" என்றார். அவர் அதைச் சொன்னால், ரைபிள் சீக்கான கதை முழுக்க வெளியே வரும், நான் மறுபடியும் அந்த ஆலைத் தூசிக்குள் போவேன். "பொதுவா கேளுங்க காக்கா, என்னத்த செய்தீங்கன்னு சொல்லாண்டாம்" என்று கெஞ்சினேன். "இன்னதுன்னு சொல்லாமக் கேட்டா அது கேட்டதாவாது" என்றார். ஒரே ஒரு சமாதானம் சொன்னார், உன் பேர் வராது என்று. என் பேர் வராமல் அந்தக் கதையை எப்படிச் சொல்ல முடியும்?

கடைசி நாள் முதீரின் அறைக்கு என்னையும் கூட்டிக்கொண்டுதான் போனார். முதீர் காதில் ஃபோனை வைத்துக்கொண்டே உட்காரச் சொன்னார். காக்கா உட்காரவில்லை. அவர் அரபி, கடையில் சாமான் விற்கிற அளவுக்குத்தான். முக்கியமான பேச்சென்றால் உருதுவுக்குப் போய்விடுவார், அதுவும் அரைகுறை. "முதீர், ஹம் கோலி மிக்ஸ்..." என்று தொடங்கினார். ஹம் என்றால் நான், கோலி என்றால் தோட்டா. அதற்குமேல் அவருக்கு உருது ஓடவில்லை. நெஞ்சில் கை வைத்து, "மாஃபி, முதீர், மாஃபி" என்றார்.

உருதுவில் மாஃபி என்றால் மன்னிப்பு. முதீரின் காதுக்கு அது அவருடைய சொந்த மாஃபி, இல்லை என்கிற மாஃபி. தோட்டாக் கலப்பு இல்லை என்று, விடைபெற வந்த கிழவர் தன் வேலையைப் பற்றிச் சொல்வதாக எடுத்துக்கொண்டார். ஃபோனைக் கீழே வைத்தார். முகம் மலர்ந்துபோயிற்று. "ஸைன், ஸைன். மிக்ஸ் மாஃபி" என்று பாராட்டிக்கொண்டே எழுந்து வந்து காக்காவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "பார். நீயும் இவர் மாதிரி. மிக்ஸ் மாஃபி" என்றார். நான் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய முடியும்?

வெளியே வந்ததும் காக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பத்து வயது குறைந்திருந்தது. "பொறுத்துக்கிட்டாரு தம்பி. கையப் பிடிச்சாரு பாத்தியா" என்றார். நான் அதோடு விட்டிருக்கலாம். எங்கள் ஊர் மாதாகோயில் பங்குச்சாமிக்குக் காது மந்தம். பாவசங்கீர்த்தனத்தில் நாம் என்ன சொன்னாலும் ஒரே மாதிரி ஆசீர்வதித்து அனுப்புவார், ஊரே நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போகும். ஆனால் இவர் மக்காவுக்குப் போகிறவர். ஏமாந்துபோய் நிற்கும் அந்த முகத்தை என்னால் பொறுக்க முடியவில்லை. "அவரு பொறுக்கல்ல காக்கா. அவருக்கு மனசிலாவல்ல" என்று ஆரம்பித்து, இரண்டு மாஃபியையும் விளக்கிச் சொன்னேன்.

அவர் திரும்பி அறைக்கதவைப் பார்த்தார். நான் உள்ளுக்குள் என் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டேன். கதவை நோக்கி ஓர் அடி வைத்தவர், நின்று என்னைப் பார்த்தார். நான் இருமக்கூட இல்லை. அவருக்கு என்ன தோன்றியதோ. "நான் உருதுலதானே கேட்டேன்? அல்லாவுக்கு உருதும் தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அது அவருக்கே போதாத பதில் என்று அவர் நடையிலேயே தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அரபியில் மன்னிப்புக்கு ஒரு வார்த்தை கற்றுக்கொள்ளாத அவர்மேல், ஃபோனை வைத்துவிட்டுக் கேட்காத முதீர்மேல், ஒரு வேலைக்காக நாக்கைக் கடித்துக்கொண்டு நிற்கவேண்டிய அந்த ஊர்மேல்.

நான் இன்னும் அதே கிளப்பில்தான் இருக்கிறேன். ஸ்டோரும் இப்போது என் பொறுப்பு. முதீருக்கு வயதாகிவிட்டது, வாரம் ஒருமுறை தடி ஊன்றி வந்து ரைபிள்களைப் பார்த்துவிட்டுப் போவார். காக்கா கீழக்கரையில் இருக்கிறார், நடமாட்டம் குறைவு. போன பெருநாளுக்கு ஃபோன் செய்தார். சுகம் விசாரித்த பிறகு, முதீர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். பேரனிடம் கேட்டு அரபியில் மன்னிப்பு எப்படிக் கேட்பதென்று படித்து வைத்திருக்கிறேன், ஃபோனில் சொன்னால் போதுமல்லவா என்றார். போதும் என்றுதான் நினைக்கிறேன், நம்பர் தருகிறேன் என்றேன்.

"நீ இன்னும் அங்கதானே வேல பாக்குற?"

"ஆமா காக்கா."

"அப்ப இருக்கட்டும்" என்று ஃபோனை வைத்துவிட்டார்.